மாட்ரிட்டிலிருந்து செபூல்வேதா: ஒரு பகலா, ஓர் இரவா? (துராத்தோன் பள்ளத்தாக்கு, பாறு கழுகுகள், அனுமதி விவரம்)

#1 தெற்குச்சாரல்

எல்லோருக்கும் வணக்கம். மே மாதக் கடைசியில் ஸ்பெயின் போகிறோம். நானும் மனைவியும் ஸ்டுட்கார்ட்டிலிருந்து, அப்பா அம்மா கோவையிலிருந்து. பிராடோ, அரண்மனை, தொலேதோ என்று வழக்கமான பட்டியல் தயார். ஆனால் அப்பாவுக்குக் கோபுரத்தைக் காட்டினால் அதன் உச்சியில் உட்கார்ந்திருக்கும் பறவையைத்தான் பார்ப்பார். பைனாகுலர் இல்லாமல் காய்கறிக் கடைக்குக்கூடப் போகமாட்டார்.

மாட்ரிட்டுக்கு வடக்கே செபூல்வேதா என்று ஒரு சின்ன ஊர், துராத்தோன் ஆற்றங்கரையில், சுற்றிலும் இயற்கைப் பூங்கா, நிறைய பாறு கழுகுகள் (பிணந்தின்னிக் கழுகுகள்) என்று படித்தேன். போனவர்கள் யாராவது சொல்லுங்கள்:

ஒரே பகலில் போய்வரலாமா, தங்க வேண்டுமா? அம்மாவுக்கு முழங்கால் வலி, சுத்த சைவம். இரண்டையும் அந்த ஊர் தாங்குமா? ஆற்றோரம் நடக்க அனுமதி வாங்க வேண்டும் என்கிறார்கள், உண்மையா?

#2 மான்சனாரெஸ் மணி

நல்ல தேர்வு தம்பி. மாட்ரிட்டில் இருக்கும் எங்களுக்குச் செபூல்வேதா என்றால் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு. அதைத் தாண்டி அந்த ஊரை யோசிப்பவர்கள் குறைவு, அதனால் உங்கள் கேள்வியே சந்தோஷம்.

வழி எளிது. மாட்ரிட்டிலிருந்து வடக்கே பூர்கோஸ் போகும் ஏ-1 நெடுஞ்சாலை. சோமோசியெர்ரா கணவாயைத் தாண்டி இறங்கினால் செகோவியா மாகாணம். மொத்தம் 125 கிலோமீட்டர் அளவுக்கு வரும், ஒன்றரை மணி நேரம் போதும். பேருந்தை நம்பாதீர்கள், நேரங்கள் நமக்கு ஒத்துவராது. மாட்ரிட்டிலிருந்து செகோவியாவுக்கு அதிவேக ரயிலில் அரை மணியில் போய்விடலாம்தான், ஆனால் அங்கிருந்து செபூல்வேதா இன்னும் 60 கிலோமீட்டர். எப்படியும் கார் தேவை. உங்களிடம் ஜெர்மன் உரிமம் இருக்கும், பிரச்சினை இல்லை. அப்பா ஓட்டுவதாக இருந்தால் இந்திய உரிமத்தோடு பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியும் கையில் இருக்க வேண்டும்.

ஊரின் அமைப்பு இதுதான்: துராத்தோன் ஒரு பக்கம், காஸ்லீயா என்ற சிற்றாறு இன்னொரு பக்கம், இரண்டும் சேரும் இடத்துக்கு மேலே முதுகுபோல நீண்ட குன்று. அதன் மேல்தான் ஊர், கடல் மட்டத்திலிருந்து 1000 மீட்டர் உயரத்தில். மக்கள் தொகையும் ஏறத்தாழ ஆயிரம்தான். ஆற்றங்கரை ஊர் என்று படித்துவிட்டுக் கரையில் நாற்காலி போட்டு உட்காரலாம் என்று வராதீர்கள். ஆறு எங்கோ கீழே கிடக்கும். எட்டிப் பார்க்க வேண்டும்.

தங்குங்கள் என்பதுதான் என் கட்சி. காரணத்தைப் பறவைக்காரர்கள் வந்து சொல்வார்கள்.

#3 மூட்டைமுடிச்சு

எதிர்க்கட்சி வந்துவிட்டேன்.

நாங்கள் ஒரு சனிக்கிழமை போனோம். நடுச்சதுக்கத்தில் கார் நிறுத்த இடமில்லை, கீழே நிறுத்திவிட்டு வெயிலில் ஏறினோம். சாப்பாட்டுக் கடைகளில் ‘முன்பதிவு இருக்கிறதா?’ என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். ரொட்டியும் பாலாடைக்கட்டியும் வாங்கிப் படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிட்டோம். ஊரை ஒரு மணி நேரத்தில் சுற்றி முடித்துவிடலாம். கல் வீடு, கல் தெரு, கல் தேவாலயம். வயதானவர்களை வைத்துக்கொண்டு ஓர் இரவு அங்கே என்ன செய்வது? செகோவியாவில் தங்கி, ரோமானிய நீர்ப்பாலத்தை நிதானமாகப் பார்த்துவிட்டு, ஒரு மதியம் செபூல்வேதா, வழியில் பெத்ராசா. இதுதான் கெட்டிக்காரத் திட்டம்.

#4 பாறுநோக்கி

மூட்டைமுடிச்சு சொல்வது ஊருக்குச் சரி. கேட்டிருப்பவரின் அப்பா ஊரைப் பார்க்க வரவில்லையே.

துராத்தோன் ஆறு சோமோசியெர்ராவில் பிறந்து பெஞாஃபியேல் பக்கம் துவேரோ ஆற்றில் கலக்கிறது. செபூல்வேதாவுக்குக் கீழே சுண்ணாம்புப் பாறையை வெட்டிக்கொண்டு வளைந்து வளைந்து ஓடுகிறது. சில இடங்களில் பாறைச் சுவர் நூறு மீட்டருக்கும் அதிக உயரம். 1989இல் இதை இயற்கைப் பூங்காவாக அறிவித்தார்கள், பரப்பு 5000 ஹெக்டேருக்குக் கொஞ்சம் மேல். அந்தச் சுவர்களின் இடுக்குகளிலும் திட்டுகளிலும் யூரேசியப் பாறு கழுகுகள் நூற்றுக்கணக்கான ஜோடிகள் கூடு வைக்கின்றன. ஐரோப்பாவின் பாறு கழுகுகளில் மிகப் பெரும்பகுதி ஸ்பெயினில்தான். அதிலும் இந்தப் பள்ளத்தாக்கு பேர்போன இடம்.

இப்போது நேரக் கணக்கு. மற்றப் பறவைகளுக்குப் போல விடியற்காலையில் ஓடாதீர்கள். பாறுவின் இறக்கை விரிப்பு இரண்டரை மீட்டர், உடம்பு எட்டு ஒன்பது கிலோ. அதை அடித்து அடித்துப் பறக்க அதற்குக் கட்டுப்படியாகாது. தரை சூடாகி, காற்று மேலெழும்பத் தொடங்கிய பிறகுதான் பாறையை விட்டுக் கிளம்பும். மே மாதத்தில் காலை பத்து மணி வாக்கில் ஒன்று, பிறகு நான்கு, பிறகு வானமெல்லாம் வட்டம். நடுப்பகலில் இரை தேடி வெகுதூரம் போய்விடும். மாலையில் திரும்பி வந்து பாறையில் இறங்கும், அந்த இறங்கும் காட்சிதான் உச்சம். மே கடைசியில் அங்கே சூரியன் மறைய இரவு ஒன்பதரை ஆகிவிடும். மதியம் வந்து நாலு மணிக்குக் கிளம்புகிறவர் வெறும் பாறையைப் பார்த்துவிட்டுப் போவார்.

ஆகவே ஒரு மாலை, மறுநாள் ஒரு காலை. இதற்கு நடுவில் ஓர் இரவு வந்துதான் தீரும்.

#5 தெற்குச்சாரல்

பாறுநோக்கி சார், இதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். இரண்டு இரவு போட்டுவிடு என்கிறார்! மனைவி என்னை முறைக்கிறாள்.

அனுமதி விஷயம்?

#6 மான்சனாரெஸ் மணி

எல்லா இடத்துக்கும் வேண்டாம். ஊரைச் சுற்றி இரண்டு ஆறுகளையும் ஒட்டிப்போகும் வட்டப்பாதை இருக்கிறது, ‘இரு ஆறுகளின் பாதை’ என்று பலகை வைத்திருப்பார்கள். பழைய நகர வாசல் வழியாக இறங்கி, தல்கானோ பாலத்தைப் பார்த்துவிட்டு ஏறிவரலாம். அதற்கு அனுமதி தேவையில்லை. பள்ளத்தாக்கின் பாறை மேல் இருக்கும் சான் ஃப்ருத்தோஸ் மடத்துக்கும் தேவையில்லை.

அனுமதி வேண்டியது தல்கானோ பாலத்திலிருந்து வியாசேக்கா பாலம் வரை ஆற்றோடு போகும் நீளப் பாதைக்கு. பத்து கிலோமீட்டர் போல. ஜனவரி 1 முதல் ஜூலை 31 வரை கட்டாயம், நாளுக்கு இத்தனை பேர்தான் என்று வரம்பும் உண்டு. ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை யாரும் நடக்கலாம். பூங்கா அலுவலகம் ஊருக்குள்ளேயே, பழைய சந்தியாகோ தேவாலயத்துக்குள் இருக்கிறது. முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள், அன்றைக்குப் போய்க் கேட்டால் கிடைக்கும் என்று நம்ப வேண்டாம். கீழ்ப்பகுதியில் புர்கோமியோதோ அணைத் தேக்கத்தில் துடுப்புப் படகு விடுகிறார்கள், அங்கேயும் கூடுகட்டும் பருவத்தில் கெடுபிடி உண்டு.

#7 மூட்டைமுடிச்சு

இதைத்தான் சொல்ல வந்தேன். மே மாதம்தான் நடக்க இதமான வானிலை, பூ பூத்திருக்கும், ஆற்றில் தண்ணீர் இருக்கும். அப்போது பூட்டு. ஆகஸ்டில் முப்பத்தைந்து டிகிரி வெயிலில் திறப்பு. நடந்து போகிறவன் கழுகை என்ன செய்துவிடப் போகிறான்? அது பாறை உச்சியில், நான் ஆற்றங்கரையில். கொஞ்சம் அதிகப்படி இல்லையா?

#8 பாறுநோக்கி

அதிகப்படி இல்லை. கணக்கைப் பாருங்கள்.

ஜோடிக்கு ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டை, பெரும்பாலும் ஜனவரி, பிப்ரவரியில். அடைகாக்க 55 நாள் போல. குஞ்சு கூட்டை விட்டுப் பறக்க இன்னும் நான்கு மாதம். கூட்டிப் பார்த்தால் ஜூலை முடிந்துவிடும். பூட்டும் தேதியும் திறக்கும் தேதியும் இதை வைத்துத்தான் போட்டார்கள்.

பள்ளத்தாக்கு குறுகல், குரல் இரண்டு சுவருக்கும் நடுவே எதிரொலிக்கும். கூட்டமாக ஆட்கள் போனால் அடைகாக்கும் பறவை எழுந்து பறக்கும். பிப்ரவரிக் குளிரில் அந்த உயரத்தில் முட்டை திறந்து கிடந்தால் எவ்வளவு நேரம் தாங்கும்? அந்த முட்டை போனால் பெரும்பாலும் அடுத்த ஆண்டுதான். கோழிபோல இன்னொன்று இட்டுக்கொள்ளாது. குஞ்சு பெரிதான பிறகு வேறு ஆபத்து: மிரண்டு, பறக்கத் தெரியாமல் விளிம்பிலிருந்து குதித்துவிடும்.

இன்னொன்று, பூட்டு இல்லை, எண்ணிக்கை வரம்புதான். விண்ணப்பித்தால் மே மாதத்திலும் போகலாம். ட்ரோன் மட்டும் கையில் எடுக்காதீர்கள், அனுமதியில்லாமல் பூங்காவுக்குள் பறக்கவிடக் கூடாது.

#9 மூட்டைமுடிச்சு

சரி, எண்ணிக்கை வரம்பு என்றால் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சனிக்கிழமைக் கூட்டத்தைச் சான் ஃப்ருத்தோஸ் பக்கம் மொத்தமாகத் தள்ளிவிட்டு, இந்தப் பக்கம் மட்டும் காவல் காப்பது என்ன நியாயம் என்ற கேள்வி அப்படியே இருக்கிறது. அங்கே பாறை விளிம்பில் செல்ஃபி எடுத்தவர்களை நான் பார்த்தேன். கழுகுக்கு அது தொந்தரவில்லையா?

#10 பாறுநோக்கி

தொந்தரவுதான். அதை மறுக்கவில்லை. ஒரு வாசலைத் திறந்துவைத்தால் மற்ற வாசல்களில் நெரிசல் குறையும் என்பது எல்லாக் காட்டு நிர்வாகங்களும் போடும் கணக்கு. அந்த ஒரு வாசலில் இருக்கும் பறவைகள் பாவம்.

#11 அடுப்பங்கரை அகிலா

சைவம் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லையே, அதனால் நான் வந்தேன்.

தெற்குச்சாரல், அந்த ஊருக்குள் நுழைந்தாலே விறகடுப்பு வாசனை, அதற்குள் இருப்பது ஆட்டுக்குட்டி. அம்மாவிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். பெரும்பாலான கடைகளில் அது ஒன்றுதான் முக்கியப் பண்டம், பட்டியல்கூட ஒப்புக்குத்தான்.

காய்கறிபோலத் தெரிவதை நம்பக் கூடாது. பூண்டு சூப் என்று வரும், அதில் பன்றித் தொடைத் துண்டு மிதக்கும், முட்டையும் இருக்கும். செகோவியாவின் பெரிய வெள்ளை மொச்சை ரொம்பப் பிரபலம், ஆனால் பன்றிக்காது, தொத்திறைச்சி போட்டுக் கொதிக்க வைத்திருப்பார்கள். ‘இறைச்சி இல்லாமல்’ என்று கேட்டால், துண்டுகளைப் பொறுக்கி எடுத்துவிட்டுக் கொண்டுவந்து வைத்தாலும் வைப்பார்கள், அவர்கள் மனத்தில் அது இறைச்சி இல்லாத சாப்பாடுதான். ‘குழம்பிலும் சேர்க்கக் கூடாது’ என்று அழுத்திச் சொல்ல வேண்டும்.

அம்மாவுக்குக் கிடைப்பது: தக்காளி, கீரை, வெங்காயம் போட்ட சாலட் (மேலே சூரைமீன் தூவுவார்கள், வேண்டாம் என்று சொல்லுங்கள்), சுட்ட குடைமிளகாய், செம்மறிப் பாலில் செய்த பாலாடைக்கட்டி, நல்ல ரொட்டி. முட்டை சாப்பிடுவார் என்றால் உருளைக்கிழங்கு ஆம்லெட் எங்கேயும் உண்டு. இனிப்புக்குப் போன்ச்சே என்ற செகோவியா கேக், மேலே பாதாம் மாவுப் படலம் போர்த்தியிருப்பார்கள், அதிலும் முட்டை உண்டு.

நான் செய்வது: சமையலறை உள்ள வீடாகப் பார்த்து எடுப்பேன். ரசப்பொடி, பருப்பு, ஒரு சின்ன குக்கர். இரவு சாதம் வடித்துவிட்டால் மற்றதெல்லாம் வேடிக்கை. அந்த ஊர்களில் இரவுச் சாப்பாடே ஒன்பது மணிக்குமேல்தான், வயதானவர்கள் அதுவரை காத்திருக்க முடியாது.

#12 மான்சனாரெஸ் மணி

அகிலா அக்கா சொன்னது நூற்றுக்கு நூறு. அசைவக்காரர்களுக்கு என் பங்கு:

அங்கே சமைப்பது லெச்சாசோ, தாய்ப்பாலைத் தவிர வேறெதையும் தொடாத குட்டி, வயது 35 நாளுக்குள். மண் சட்டியில் வைத்து, உப்பும் தண்ணீரும், கொஞ்சம் கொழுப்பு, அவ்வளவுதான். மசாலா கிடையாது, மிளகுகூடக் கிடையாது. குவிமாட அடுப்பில் இரண்டு மூன்று மணி நேரம் வேகும். தோல் அப்பளமாக நொறுங்கும், உள்ளே கரண்டியால் வெட்டலாம். நம் நாக்குக்கு முதல் வாயில் ‘என்னடா இது, சப்பென்று’ எனத் தோன்றும். மூன்றாம் வாயில் எனக்குப் பேச்சு நின்றுவிட்டது. என் மைத்துனர் கடைசி வரை ஊறுகாய் கேட்டுக்கொண்டேயிருந்தார், அதுவும் ஒரு நியாயம்தான்.

முன்பதிவில் ‘எத்தனை கால் பங்கு?’ என்று கேட்பார்கள். ஆட்டின் நான்கில் ஒரு பங்கு, இரண்டு பேருக்குத் தாராளம். சொல்லி வைத்தால்தான் அடுப்பில் வைப்பார்கள். மூட்டைமுடிச்சைத் திருப்பி அனுப்பியதும் அதனால்தான், வந்தபின் ஏற்ற முடியாது. வார நாட்களில் சில அடுப்புகள் எரிவதே இல்லை.

#13 சீகூர் சிவா

நான் மசினகுடிப் பக்கத்துக்காரன். இந்த இழையைப் படித்ததும் சும்மா இருக்க முடியவில்லை.

தெற்குச்சாரல், அப்பாவிடம் ஒன்று சொல்லுங்கள். துராத்தோனில் பெரிய பாறுகளோடு சின்னதாக, வெள்ளையும் கறுப்புமாக, மஞ்சள் முகத்தோடு ஒன்று பறக்கும். ஆப்பிரிக்காவிலிருந்து பிப்ரவரி, மார்ச்சில் வந்து செப்டம்பரில் திரும்பும். மஞ்சள்முகப் பாறு. திருக்கழுக்குன்றத்தில் பட்டர் கையால் சர்க்கரைப் பொங்கல் வாங்கிச் சாப்பிட்டதே, அதே இனம். அங்கே 1990களோடு வருவது நின்றுபோனது. உங்கள் அப்பா வயதுக்காரர்கள் அங்கே நேரில் பார்த்திருக்கவும் கூடும்.

நம்மிடம் பாறுகள் போன கதை தெரிந்ததுதான். மாட்டுக்கு வலிக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் ஊசி. செத்த மாட்டைத் தின்ற பாறுவின் சிறுநீரகம் செயலிழந்துவிடும். இந்தியா முழுவதும் வெண்முதுகுப் பாறு, கருங்கழுத்துப் பாறு எல்லாம் தொண்ணூறு விழுக்காட்டுக்கும் மேல் அழிந்தன. 2006இல் கால்நடைக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள். 2023இல் கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபெனாக் இரண்டையும். தமிழ்நாட்டில் இன்று ஒழுங்காகக் கூடு கட்டுவது மாயாற்றுப் பள்ளத்தாக்கில்தான், ஆற்றோர நீர்மத்தி மரங்களில். அங்கே ஒரு கூட்டைப் பார்த்தாலே எங்களுக்குத் திருவிழா. துராத்தோனில் நூற்றுக்கணக்கில் என்று எழுதுகிறீர்கள், கேட்கப் பொறாமையாக இருக்கிறது.

#14 பாறுநோக்கி

சிவா, பொறாமையோடு கொஞ்சம் கவலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நாம் தடை செய்த அந்த மருந்தை 2013இல் ஸ்பெயின் கால்நடைக்கு அனுமதித்தது, இன்னும் திரும்பப் பெறவில்லை. மருத்துவர் சீட்டு உண்டு, கட்டுப்பாடு உண்டு, மருந்து போட்ட விலங்கு பாறுவுக்குப் போகாது என்பது அவர்கள் வாதம். ஆனால் 2020இல் கத்தலோனியாவின் பௌமோர்ட் மலையில் இறந்து கிடந்த ஓர் இளம் கரும்பாறுவின் உடலில் அதே மருந்துதான் இருந்தது, அடுத்த ஆண்டு அது ஆய்வாக வெளிவந்தது.

அதற்கு முன் வேறொரு சோதனை. பைத்தியமாட்டு நோய்க்குப் பயந்து, செத்த கால்நடைகளை வயலில் விடக் கூடாது, எடுத்து எரிக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2002இல் சட்டம் போட்டது. நூற்றாண்டுகளாக ஊர்க்கோடியில் செத்த ஆட்டையும் கழுதையையும் போட்டுவந்த இடங்கள் காலியாயின. பாறுகள் பட்டினி கிடந்தன, உயிருள்ள கன்றைத் தாக்குவதாகப் புகார்கள்கூட வந்தன. 2011இல்தான் விதியைத் தளர்த்தினார்கள். இன்று நீங்கள் பார்க்கப்போகும் கூட்டம் அந்த வறட்சியைத் தாண்டி வந்தது.

பக்கத்துப் பள்ளத்தாக்கையும் சொல்ல வேண்டும். கொஞ்சம் வடகிழக்கே ரியாசா ஆறு, மொந்தேஹோ என்ற ஊர். 1975இல் பெலிக்ஸ் ரொத்ரீகெஸ் தெ லா ஃபுவென்தே முன்னின்று அங்கே வேட்டைப் பறவைகளுக்கு ஒரு புகலிடம் தொடங்கினார். ஸ்பெயின் தொலைக்காட்சியில் ஓநாயையும் கழுகையும் வீட்டுக்குள் கொண்டுவந்த மனிதர். அதற்கு முன் அந்தப் பறவைகளைச் சுட்டுக்கொல்ல அரசே பரிசு கொடுத்த காலம் இருந்தது. மொந்தேஹோ நடந்ததால்தான் பிறகு துராத்தோனைக் காப்பதும் சாத்தியமானது என்பது என் எண்ணம்.

#15 நெறியாளர்

மருந்து விவாதம் நன்றாகவே போகிறது. ஆனால் நீண்டால் இயற்கைப் பிரிவில் தனி இழை திறந்துகொள்ளுங்கள். இங்கே பயணம்.

#16 கல்வெட்டுக் காதலி

பயணத்துக்கே வருகிறேன். ‘கல் வீடு, கல் தெரு’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டார் மூட்டைமுடிச்சு. அந்தக் கல்லில் கொஞ்சம் நிற்கலாமே.

ஒரு காலத்தில் இது எல்லை. துவேரோவுக்குத் தெற்கே கிறித்தவர்களும் முஸ்லிம்களும் மாறிமாறிப் பிடித்த வெட்டவெளி. யார் வந்து குடியேறுவார்கள்? அதனால் 1076இல் ஆறாம் அல்ஃபோன்சோ அரசர் செபூல்வேதாவுக்கு ஒரு சாசனம் கொடுத்தார். குடிவருகிறவர்களுக்கு ஏராளமான சலுகை, வேறிடத்தில் குற்றம் செய்துவிட்டு ஓடிவந்தவனுக்குக்கூட அடைக்கலம். இந்தச் சாசனத்தை முன்மாதிரியாக வைத்து எல்லையோரத்து ஊர்கள் பலவற்றுக்குப் பின்னால் சட்டம் எழுதினார்கள். ஹூஸ்தோ, பாஸ்தோர் புனிதர்களின் பழைய தேவாலயத்தில் இதற்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது, கீழே நிலவறையும் உண்டு.

உச்சியில் சான் சல்வதோர் தேவாலயம், சுவரில் பொறித்த ஆண்டு 1093. பக்கவாட்டில் தூண்கள் வைத்த திண்ணை மண்டபம் ஒன்று, செகோவியா மாகாணம் முழுக்க இந்தப் பாணி பரவியது, இங்கேதான் முதலில் என்கிறார்கள். அந்தத் திண்ணையில் ஊர்க்கூட்டம் நடந்திருக்கிறது. ஊரின் மறுகோடியில் பாறைமாதா தேவாலயம், பள்ளத்தாக்கின் விளிம்பிலேயே. அங்கே நின்றால் கட்டடமும் கிடைக்கும், கழுகும் கிடைக்கும். அப்பாவையும் உங்களையும் ஒரே இடத்தில் நிறுத்த வசதி.

சான் ஃப்ருத்தோஸ் தனிக் கதை. ஏழாம் நூற்றாண்டில் செகோவியாவின் செல்வக் குடும்பத்துப் பிள்ளை சொத்தை விட்டுவிட்டு இந்தப் பாறையில் வந்து தவமிருந்தார். துரத்தி வந்த படையைத் தடுக்க அவர் கைத்தடியால் கோடு கிழித்ததும் பாறை பிளந்ததாம். அந்தப் பிளவின் மேல் இன்று கல்பாலம், அதைக் கடந்துதான் மடத்துக்குப் போகிறோம். 1100இல் சீலோஸ் மடத்துத் துறவிகள் கட்டி முடித்த கோயில். சுற்றிலும் மனித உருவ அளவுக்குப் பாறையில் குடைந்த கல்லறைகள். கணவன் சந்தேகப்பட்டு மலையுச்சியிலிருந்து தள்ளியும் சாகாமல் பிழைத்த ஒரு பெண்ணின் கல்லறைக் கல்வெட்டு எனக்குப் பிடித்தது: பிழைத்தாள், தன் சொத்தை இந்த மடத்துக்குக் கொடுத்தாள் என்கிறது. கணவனுக்கு என்ன ஆனது என்று ஒரு வரி இல்லை.

அக்டோபர் 25 திருவிழா, ஊரே நடந்து போகும். உங்களுக்கு அது கிடைக்காது. ஆகஸ்ட் 23 இரவு செபூல்வேதாவில் சிவப்பு உடைப் பிசாசுகள் படிக்கட்டில் துடைப்பத்தோடு இறங்கி ஆட்களை விரட்டும் விழாவும் கிடைக்காது.

#17 தெற்குச்சாரல்

இவ்வளவு எதிர்பார்க்கவே இல்லை. எல்லோருக்கும் நன்றி. சிவா அண்ணா, திருக்கழுக்குன்றம் பற்றி அப்பாவிடம் கேட்டேன். சின்ன வயதில் அவருடைய தாத்தாவோடு போய்ப் பார்த்திருக்கிறாராம், இது எனக்கே செய்தி.

அம்மா முழங்காலுக்கு எது ஒத்துவரும்? சான் ஃப்ருத்தோஸ் நடக்க முடியுமா?

#18 மான்சனாரெஸ் மணி

முடியும், நிதானமாக. செபூல்வேதாவிலிருந்து வியாசேக்கா என்ற குக்கிராமத்துக்குத் தார்ச்சாலை. அதற்குப் பிறகு சில கிலோமீட்டர் மண் பாதை, வாடகைக் காரில் போகலாம், ஆனால் குழி உண்டு, மெதுவாக. வாகனம் நிறுத்துமிடத்திலிருந்து மடத்துக்கு ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நடை. போகும்போது இறக்கம், திரும்பும்போது ஏற்றம், சரளைக்கல். நிழல் அறவே இல்லை. கைத்தடி, தொப்பி, தண்ணீர். முழுக்க இறங்க முடியாவிட்டாலும் பாதி வழியிலேயே ஆற்றின் வளைவு தெரியும், அங்கே பாறையில் உட்காரலாம். பறவைகள் கண் மட்டத்துக்குக் கீழே பறக்கும், முதுகு தெரியும். வேலி கிடையாது, விளிம்புக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், காற்று பலமாக இருக்கும்.

அங்கே போவதை மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். காலையில் அப்பாவும் நீங்களும் நீளப் பாதை, அனுமதி கிடைத்தால். அந்த நேரம் அம்மாவும் மனைவியும் ஊருக்குள். ஊருக்குள்ளும் ஏற்றம்தான், ஆனால் நடுச்சதுக்கத்தில் காபி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்கு யாரும் எழுப்பமாட்டார்கள்.

#19 பாறுநோக்கி

நீளப் பாதை ஒருவழி என்பதை மறந்துவிடாதீர்கள். வியாசேக்கா பாலத்தில் முடியும். அதற்குச் சற்று முன்னாலோ பின்னாலோ ‘ஏழு பலிபீடங்களின் குகை’ என்று பாறையில் குடைந்த பழைய வழிபாட்டிடம் உண்டு, விசிகோத்தியர் (முஸ்லிம்களுக்கு முன் ஸ்பெயினை ஆண்டவர்கள்) காலத்தது. முடியும் இடத்துக்கு மனைவி காரைக் கொண்டுவந்துவிட்டால் திரும்பி நடக்க வேண்டாம். இல்லையென்றால் பாதியில் திரும்பிவிடுங்கள். பாறுகளுக்காக முழு தூரமும் போக வேண்டும் என்று இல்லை.

மே கடைசியில் குஞ்சுகள் ஓரளவு வளர்ந்திருக்கும். பாறையில் வெள்ளை எச்சக் கோடு வழிந்திருக்கும் இடங்களைத் தேடி, அதற்கு நேர் மேலே பைனாகுலரைத் திருப்பச் சொல்லுங்கள், கூடு அங்கேதான். சிவப்பு அலகுக் காக்கைகள் கூச்சலிட்டுக்கொண்டு குறுக்கே வரும். பொரி வல்லூறும் உண்டு.

#20 அடுப்பங்கரை அகிலா

மே மாதம் என்று ஸ்வெட்டர் எடுக்காமல் போகாதீர்கள். ஆயிரம் மீட்டர் உயரம், ராத்திரி நன்றாகக் குளிரும். கோவையிலிருந்து வருகிறவர்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

#21 தெற்குச்சாரல்

முடிவு செய்துவிட்டோம். வியாழன் மதியம் போய், வெள்ளி மாலை திரும்புகிறோம். சமையலறையோடு ஒரு வீடு பார்த்திருக்கிறேன், பாறைமாதா தேவாலயத்துக்குப் பக்கம். வெள்ளிக்கிழமை நடைக்கு அனுமதி கேட்டுப் பூங்கா அலுவலகத்துக்கு எழுதியாயிற்று. வெள்ளி மதியம் ஒரு கால் பங்கு சொல்லி வைக்கிறேன், எனக்கும் அப்பாவுக்கும். அம்மா ரசம் வைத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்.

மூட்டைமுடிச்சு, பெத்ராசாவை விட்டுவிட்டேன், கோபிக்க வேண்டாம்.

#22 மூட்டைமுடிச்சு

கோபமில்லை. வியாழன் வெள்ளி என்றதும் என் புகாரில் பாதி போய்விட்டது. மீதிப் பாதி இருக்கிறது: என் பெற்றோராக இருந்தால் இப்போதும் செகோவியாவில்தான் தங்க வைப்பேன்.

#23 மான்சனாரெஸ் மணி

வெள்ளி மாலை ஏ-1இல் மாட்ரிட்டிலிருந்து வெளியே வரும் பக்கம் நெரியும், நீங்கள் எதிர்ப்பக்கம், தப்பித்தீர்கள். திரும்பும் வழியில் கணவாயைத் தாண்டியதும் புய்த்ராகோ என்ற மதில் சூழ்ந்த ஊர் வரும், லோசோயா ஆறு மூன்று பக்கம் சுற்றி ஓடும். அங்கே ஒரு சின்ன பிக்காசோ அருங்காட்சியகம் இருக்கிறது. அவருக்கு முடிவெட்டிய ஏவுஹேனியோ அரியாஸ் அந்த ஊர்க்காரர், பிக்காசோ தனக்குக் கொடுத்த படைப்புகளை அந்த ஊரில் வைப்பதற்காகத் தந்துவிட்டார். மதியம் சாத்திவிட்டு மாலையில் மறுபடி திறப்பார்கள், கிளம்புவதற்கு முன் நேரம் பார்த்துக்கொள்ளுங்கள். கார் மதிலுக்கு வெளியே நிறுத்தலாம், அம்மாவுக்கு அங்கே ஏற்றம் அதிகமில்லை.